நாலு பேர் ஜெயித்த ஆட்டம்

பந்து ஆடுவதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். இன்று இதைத் தலைநிமிர்ந்து சொல்லலாம். அந்தக் காலத்தில் வாயைத் திறக்கக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறவன் என்று தெரிந்தால் மதுரைப் பக்கத்துப் போட்டிகளில் சேர்க்க மாட்டார்கள். அதனால் தேனியில் என்னை வைத்திருந்த, பருத்தியில் கொட்டை பிரிக்கும் ஜின்னிங் பேக்டரியில் எனக்கு ஆயில்மேன் என்று பெயர். எண்ணெய்க் குவளையை நான் தொட்டதேயில்லை. தொட்டிருந்தால் அந்த மிஷின் அன்றைக்கே நின்றிருக்கும்.

உங்களில் பாதிப் பேர் மில்லிலும் ரயில்வேயிலும் ஆட்டக்காரர் என்ற பேரிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம். எப்படி ஆடுவது என்று சொல்லித்தர நான் இதை எழுதவில்லை. நீங்கள் என்னைவிட உயரமாகத் தாவுகிறீர்கள், ஷூ வேறு போட்டுக்கொண்டு ஆடுகிறீர்கள், எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. நான் சொல்ல வந்தது வேறு. ஆடிப் பிழைக்கிறவன் முதலாளியிடம் எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்பதைப் பற்றி. எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பட்டது நான்கூட இல்லை, என் அணியில் இருந்த இன்னொருவன்.

அப்பா தேனி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் வகுப்பில்தான் கூடைப்பந்து பழகினேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வெளியே வந்ததும் யாராவது, "ஞானமுத்து என்ன பண்ணுறான்?" என்று அப்பாவைக் கேட்பார்கள். "பேக்டரியில மிஷின் வேலை" என்று சொல்லிவிட்டு அப்பா வேகமாக நடப்பார். மகன் பந்து தட்டிச் சோறு தின்கிறான் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

பேக்டரிக்குப் பின்னால் பருத்தி காயப்போடும் களம்தான் எங்கள் மைதானம். பகலெல்லாம் பருத்தி கிடக்கும். சாயங்காலம் பெண்கள் அதைக் கூட்டி அள்ளிக் கொட்டகைக்குள் கொண்டுபோனதும் சுண்ணாம்புத் தூளால் கோடு இழுத்து ஆட ஆரம்பிப்போம். இரண்டு பக்கமும் தேக்குக் கம்பம், அதில் மாம்பலகை, பலகையில் வண்டிச் சக்கரப் பட்டையை வளைத்துக் கொல்லர் அடித்துக் கொடுத்த வளையம். ஆடி முடித்து வீட்டுக்குப் போனால் தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். எங்கம்மா என்னை "வாங்க பெரியவரே" என்று கேலி செய்வார்.

அந்தக் காலத்துச் சட்டம் ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்த கோமாளித்தனம் உங்களுக்குப் புரியாது. இப்போது ஓர் அணி கூடை போட்டால், எதிரணி கோட்டுக்கு வெளியே நின்று பந்தை எடுத்து வீசுகிறது. அப்போது அப்படியில்லை. யார் கூடை போட்டாலும் பந்து நடுக்களத்துக்குத் திரும்பி வரும். அணிக்கு ஒருவராக இரண்டு பேர் நிற்க, ரெப்ரி பந்தை மேலே எறிவார். யார் உயரத் தாவித் தட்டுகிறானோ அவன் பக்கம் பந்து. நல்ல நெட்டையன் ஒருவன் இருந்தால் போட்டுக்கொண்டே இருக்கலாம், எதிராளிக்குப் பந்தே கிடைக்காது.

எங்கள் நெட்டையன் சுருளியாண்டி. குச்சனூர்க்காரன். ஒரு சனிக்கிழமை சனீஸ்வரர் கோயிலுக்குப் போன முதலாளி, வழியில் ஒருவன் வரப்பில் நின்று நாற்றுக்கட்டை வயலின் அடுத்த கோடிக்கு எறிவதைப் பார்த்துக் காரை நிறுத்தினாராம். அப்படி வந்தவன். பேக்டரியில் அவனுக்கு வாட்ச்மேன் என்று பெயர். அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள் அதே பேக்டரியில் பருத்தியில் தூசு பொறுக்கினாள். கைப்பிள்ளை ஒன்று. பேக்டரிக்குப் பின்புறத்து லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அவன் வேலை போனால் அந்த வீடும் போகும்.

முதலாளி கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எல்லோருக்கும் வேட்டி எடுத்துக் கொடுப்பார். எனக்குக் காய்ச்சல் கண்டபோது அவர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. ஆனால் ஆடுகிற வரைக்கும்தான் சோறு என்பதில் அவர் கறார். எனக்கு முன்னால் கேப்டனாக இருந்தவருக்குத் தோள் இறங்கிப்போனது. அவருக்கு மாலை போட்டு, துண்டு போர்த்தி, மரியாதையாக அனுப்பிவைத்தார். அந்த மனிதர் அந்தத் துண்டோடு எங்கே போனார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு அப்பா வழக்கம்போலக் கடை போட்டார். கிறிஸ்தவர்களான எங்கள் கடையை வேதக்காரர் கடை என்று யாரும் ஒதுக்கியதில்லை. அம்மனுக்குப் பொங்கல் வைக்க எங்களிடம்தான் பானை வாங்குவார்கள். அப்பா சாப்பிடப் போன நேரத்தில் நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சியம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பித்தளைத் தட்டு வாங்க வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துத் தட்டில் வைத்துப் பார்த்தாள். வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு கால். உடம்பில் எங்கே நோவோ அந்த உறுப்பை வெள்ளியில் செய்து அம்மனுக்குச் செலுத்துவது நம் பக்கத்து வழக்கம்தானே.

"யாருக்குத் தாயி கால்? பிள்ளைக்கா?" என்றேன்.

"அவுகளுக்குண்ணே. வலது முட்டி வீங்கிக் கெடக்கு. பந்துல தாவி விழுந்ததுலருந்து மடக்க முடியல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காக."

"சத்தியம் பண்ணிட்டு எங்கிட்டயே சொல்றியே."

"நீங்கதேன கேட்டீக" என்றாள்.

தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். வெள்ளிக் கால் வெயிலில் பளபளத்தது. அவளுக்கு முன்னாலும் பின்னாலும் போடி மலையிலிருந்து இறங்கிவந்த ஏலத்தோட்டத்துச் சனம். அம்மனிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று அவள் நினைத்தாள். அந்த வரிசையில் நின்று அம்மனிடம் சொல்வது பள்ளத்தாக்கு முழுவதும் தண்டோரா போடுவது மாதிரி என்பது அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

திருவிழா முடிந்ததும் சுருளியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அவ சொன்னாளா?" என்று முறைத்தான். வைத்தியரிடம் காட்டச் சொன்னேன்.

"காட்டுனா ஒக்காருன்னுவாரு. நான் ஒக்காந்தா வீட்டக் காலி பண்ணணும். பேசாம பந்தக் குடுலே" என்றான்.

நானும் பந்தைக் கொடுத்துவிட்டேன்.

வைகாசி கடைசியில் போடி ஏலத்தோட்டத்து அணி எங்கள் களத்துக்கு ஆட வந்தது. பெரிய தோட்டம், நல்ல அணி. அவர்கள் கேப்டன் கோசி, கோட்டயம் பக்கத்து ஆள், எனக்கு நெடுநாள் பழக்கம். எங்கள் அணியில் ஆடுகிறவர்கள் ஐந்து பேர், கூடுதலாக ஒருவர். அந்தக் கூடுதல் ஆள் மலைக்காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆக ஐந்தே பேர். கம்பம் கணவாயிலிருந்து மேல்காற்று ஆரம்பித்திருந்தது. தூக்கிப் போட்டால் பந்தைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். அது எங்களுக்குப் பழக்கம்தான். தாழ்வாகத் தட்டித் தட்டிக் கொண்டுபோய்க் கிட்டே நின்று போடுவோம்.

முதல் பாதியில் சுருளி தாவித் தட்டினான், நாங்கள் கூடை கூடையாகப் போட்டோம். களத்தைச் சுற்றி நின்ற கூட்டம் குதித்தது. நான் கூடையைப் பார்க்கவில்லை. அவன் தரையிறங்கும் ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைத்தான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். போடிக்காரர்கள் அவன் இடது பக்கம் போகவே இல்லை. தெரிந்துதான் வந்திருந்தார்கள். ஒருவன் இடிப்பான், ரெப்ரி விசில் ஊதுவார், அடுத்தவன் வந்து இடிப்பான்.

இடைவேளையில் கோசி என் பக்கத்தில் வந்து நின்றான்.

"எடோ ஞானமுத்து, உங்க நெட்டையனை வெளிய எடு. அவன் முட்டு போயி. அங்கன இடிக்க வேண்டாம்னு என் ஆளுங்ககிட்ட பறஞ்சாச்சு. ஆவேசத்துல அவனுங்க கேக்க மாட்டானுங்க."

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். எதிர் அணிக் கேப்டன் வந்து உன் நல்ல ஆளை வெளியே எடு என்கிறான். அவனுக்கு இதில் என்ன லாபம் என்றுதான் முதலில் யோசித்தேன். லாபம் கொள்ளை கொள்ளையாகத் தெரிந்தது. சுருளி போனால் நடுக்களத்தில் ஒரு பந்துகூட எங்களுக்குக் கிடைக்காது. ஆஹா, நம்மை மடையனாக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். திரும்பினேன். மற்ற மூவரும் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சுருளி மட்டும் கம்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டு குடித்தான். கோசி சொன்னது அவனுக்கு லாபமாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். சொல்கிறவன் யார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு அந்த முட்டியைப் பார்த்தேன். பனங்காய் மாதிரி இருந்தது.

"சுருளி, நீ ஒக்காரு. நாங்க நாலு பேரு ஆடிக்கிறோம்."

"ஒக்காந்தா எந்திரிக்க முடியாதுலே, அதேன் நிக்கிறேன்" என்றான். பிறகுதான் நான் சொன்னது அவனுக்கு உறைத்தது. "என்னது, நாலு பேரா? மொதலாளி அங்கன நாக்காலி போட்டு ஒக்காந்திருக்காக. என்னைய வெளிய நிறுத்துனா நாளைக்கு எம்பொழப்பு என்னாகும்னு தெரியுமா தெரியாதா?"

"ஜெயிச்சுக் குடுத்துட்டா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றேன். அப்படித்தான் நம்பினேன். ஜெயிக்கிற வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல மாட்டார்கள், சந்தோஷத்தோடு சந்தோஷமாகச் சுருளியின் காலும் ஆறிவிடும் என்று என் கணக்கு.

ஆள் இருக்கிறதா என்று ரெப்ரி கேட்டார். இல்லை என்றேன். நாலு பேரோடு ஆடச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் யாரும் விரும்பிச் செய்ய மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

எங்களுக்குச் சுமாரான முன்னிலை இருந்தது. நான் மூவரையும் கூப்பிட்டு, "இனிமே யாரும் கூடை போடக் கூடாது" என்றேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்பதுபோலப் பார்த்தார்கள். யோசித்துப் பாருங்கள். நாங்கள் கூடை போட்டால் பந்து நடுக்களத்துக்குப் போகும். அங்கே தாவ எங்களுக்கு ஆளில்லை, பந்து போடிக்காரனுக்குப் போய்விடும். போடாமல் இருந்தால் பந்து எங்கள் கையிலேயே இருக்கும். இப்போது மாதிரி இத்தனை நேரத்துக்குள் எறிந்தாக வேண்டும் என்ற சட்டமெல்லாம் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. ஆக, அவர்கள் எறிந்து தவறும் பந்தை வாங்கு, தாழ்வாகத் தட்டு, அடுத்தவனிடம் கொடு, ஓடு, மறுபடி வாங்கு. கூடைக்கு நேர் கீழே பந்தோடு நின்றுகொண்டு, போடாமல் திரும்பி வெளியே வருவோம்.

கூட்டம் காறித் துப்பியது. "ஏலே, கூடை மேல இருக்குடா" என்று ஒருவர் கத்தினார். எங்கள் அணியில் சின்னவனுக்கு மானம் தாங்கவில்லை, ஒன்று போட்டுவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டேன். பந்து நடுவே போனது, போடிக்காரன் தட்டினான், எடுத்துப்போய்ப் போட்டான், மறுபடி தட்டினான், மறுபடி போட்டான். சின்னவன் என் முகத்தைப் பார்க்காமல் ஓடினான். அதற்குப் பிறகு அவன் கூடை இருக்கும் திசையில்கூடத் திரும்பவில்லை. காற்று வேறு போடிக்காரர்கள் தூர நின்று எறிந்ததையெல்லாம் பலகைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டது. கடைசி விசில் ஊதியபோது மயிரிழையில் ஜெயித்திருந்தோம்.

கோசி வந்து கையைக் குலுக்கினான். "கள்ளன்" என்று சிரித்தான். இடைவேளையில் அவன் நல்ல மனசோடு சொன்னானா, காரியமாகச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை. பின்னாட்களில் எத்தனையோ முறை சேர்ந்து சாப்பிட்டிருக்கிறோம், அப்போதும் கேட்கவில்லை.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நாலு பேரு. நாலே பேரு. நாலு பேர வெச்சுக்கிட்டு ஜெயிச்சிருக்கான் எங்காளு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். எனக்கு ஒரே பெருமை. கொட்டகைச் சுவரோரம் பருத்திப் பெண்களோடு நின்றிருந்த பேச்சியம்மாள் என்னிடம் வந்தாள்.

"அவுக இல்லாமலே ஜெயிச்சுட்டீகண்ணே."

"அவன் மொதப் பாதியில ஆடுனதுனாலதேன் ஜெயிச்சோம், தாயி."

"அது உங்களுக்குத் தெரியும். மொதலாளி என்ன சொல்லிட்டு இருக்காகன்னு கேட்டீகளா?" என்றாள்.

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதில் எனக்குப் புகழ்ச்சி மட்டும்தான் காதில் விழுந்தது. அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலையில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். கையில் காப்பி கொடுத்தார். அன்பாகத்தான் பேசினார்.

"நம்ம சுருளிப் பயலுக்குக் கால் சரியில்லையாமே. பாவம். ஊருக்குப் போயி நல்லா வைத்தியம் பாக்கட்டும்."

"கால் கூடுறவரைக்கும் வேற சோலி ஏதாச்சும் குடுக்கலாமே மொதலாளி."

"எதுக்கப்பா? நீதான் நேத்துக் காட்டிட்டியே, நாலு பேரே போதும்னு. நான் என்ன சத்திரமா கட்டி வெச்சிருக்கேன்?"

அவன் இல்லாமல் முடியாது என்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லும் தகுதியை நானே முந்தின நாள் சாயங்காலம் ஊர் பார்க்க ஆடித் தொலைத்துவிட்டேன். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அவர்கள் அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். கொஞ்ச நாள் கழித்துச் சைக்கிளில் குச்சனூர் போனேன். சுருளியின் மாமன் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாள் சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். அவன் காலை நீட்டி வரப்பில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேற்றில் கால் வைத்தால் எடுக்க முடியாது. என்னைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு ஒன்று கேட்டான்.

"கால் போயிருமேன்னு வெளிய நிறுத்துன. அது சரி. எதுக்குலே அவ்வளவு நல்லா ஆடுனீக?"

நான் அழுதேன். அவன் பிள்ளையின் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தான்.

திரும்பி வரும்போது எதிர்க்காற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். அப்போதுதான் புத்தியில் பட்டது. ஆட்டத்துக்கு முன்னால் நான் எதைக் கேட்டிருந்தாலும் முதலாளி காது கொடுத்திருப்பார். எத்தனை முறை பார்த்திருக்கிறேன், ஆட்ட நாளில் எங்களுக்கு அவர் கையாலேயே முட்டை உரித்துக் கொடுப்பார். விசில் ஊதி முடிந்த பிறகு நாங்கள் வெறும் ஆயில்மேனும் வாட்ச்மேனும்தான். ஜெயித்துவிட்டு அதைக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், தம்பிகளே. ஜெயித்தவுடன் அவர்களுக்கு உங்களால் ஆக வேண்டியது தீர்ந்துவிடுகிறது. கேட்பதைத் தேவை இருக்கும்போது கேளுங்கள்.

ஆடி பிறந்ததும் மதுரையிலிருந்து ஓர் அணியை முதலாளி வரவழைத்தார். இது வெறும் ஆட்டமில்லை. ஜில்லாவிலிருந்து ஒரு துரை பார்க்க வருவதாக ஏற்பாடு. களத்தில் பந்தல், தோரணம், மேளம். சுருளியின் இடத்துக்கு மதுரையில் காலேஜில் படித்த ஒரு நெட்டைப் பையனைக் கூட்டி வந்திருந்தார்கள். நல்ல பையன்தான், தலை வாரிய வகிடு கலையாமல் ஆடுவான்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று பழைய மூவரிடமும் சொன்னேன். சின்னவன் தயாராக இருந்தான். இன்னொருவன், "எங்க வீட்டுல ஆறு உருப்படி சோறு திங்குதுண்ணே" என்றான். நியாயம்தான். "நீங்க யாரும் வாயத் தொறக்க வேணாம். நான் பேசி முடிக்கிறவரைக்கும் களத்துல கால வெக்காம நின்னாப் போதும். என்ன வந்தாலும் என் தலையோட" என்றேன். அவன் ரொம்ப யோசித்துத் தலையாட்டினான்.

பந்துக்குக் காற்று அடிப்பது கேப்டன் வேலை. அப்போதைய பந்து தோல், உள்ளே ரப்பர் பை. சைக்கிள் பம்பால் காற்று அடித்து, வாயை மடித்துக் கட்டி, ஷூவுக்குக் கட்டுவதுபோல நாடாவால் இழுத்துத் தைக்க வேண்டும். அன்று நான் அடிக்கவில்லை. துரையின் கார் முதலாளி பங்களா முனையில் திரும்பித் தூசி கிளம்பியது. மதுரைக்காரர்கள் களத்தில் இறங்கிவிட்டார்கள். நான் சூம்பிப்போன பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றேன். அவர் கையில் மாலை இருந்தது.

"என்னப்பா, பந்துல காத்து இல்லையே?"

"அடிக்கணும் மொதலாளி. அதுக்கு முன்னால ஒரு வார்த்த."

"இப்பவா? தொர வந்துட்டாரு."

"சுருளிக்கு எடை மேடையில சோலி குடுங்க. நின்னுகிட்டே பாக்குற வேலை, அவன் கால் தாங்கும். பழைய வீட்டையும் குடுத்துருங்க."

முகம் சிவந்துவிட்டது. "என்னைய மெரட்டுறியா?"

"கேக்குறேன் மொதலாளி. ஆட்டம் முடிஞ்ச பெறகு கேட்டா நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல. அதனால இப்பவே கேக்குறேன்."

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். மூன்று பேர் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காலேஜ் பையன் விஷயம் புரியாமல் அவனும் கையைக் கட்டிக்கொண்டான். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"சரி, வரச் சொல்லு."

"நீங்களே கணக்குப்பிள்ளைகிட்டச் சொல்லிருங்க" என்றேன்.

கணக்குப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு அவரிடம் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, பந்தலுக்குப் பின்னால் போய்ப் பம்பை எடுத்தேன். நாடாவை இரண்டு தடவை தப்பாகக் கோத்தேன்.

ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? தோற்றோம். கொஞ்சநஞ்சமாக இல்லை, துரை பாதியிலேயே கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டு சிரிக்கும்படி தோற்றோம். நெட்டைப் பையன் காற்றில் ஆடிப் பழகாதவன். நான் நானாக இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை வியாபாரி திரும்ப வாங்க மாட்டார் என்று நான் நம்பியது வீண்போகவில்லை. என் சீட்டு மட்டும் அந்த சீசன் முடிந்ததும் கிழிந்தது. கோசி கூப்பிட்டுத் தோட்டத்து அணியில் சேர்த்துக்கொண்டான். அங்கே போனதும் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாளே தோட்டத்துத் துரையிடம் போய், அடிபட்டவனுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பனியனை மாட்டினேன். அதற்குள் பழகிவிட்டிருந்தது.

சுருளி வேலைக்கு வந்த முதல் நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தோற்றதற்கு ஒரு வாரம் கழித்து. எடை மேடையில் பருத்தி வண்டிகள் வரிசையாக நின்றன. அவன் தராசுக்குப் பக்கத்தில் கம்பீரமாக நின்று படிக்கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். நான் தயங்கித் தயங்கிக் கிட்டே போனேன். நிமிர்ந்து பார்த்தான்.

"ஏலே கேப்டன், மதுரக்காரங்கிட்ட அப்பிடியாலே தோப்பீக? வெக்கமா இல்ல? அந்த நெட்டப் பய தாவுனானா தூங்குனானா? எதிர்க்காத்துல பந்தத் தூக்கி எறியலாமா? அதச் சொல்லிக் குடுக்க உனக்கு வாய் இல்லையா?"

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வரப்பில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஒரு கேள்வியைத் தவிர அவன் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. இப்போது ஒவ்வொரு பந்தாக எடுத்து என்னை நார் நாராகக் கிழித்தான். களத்துக்கே வராதவனுக்கு இவ்வளவும் எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை, ஊரெல்லாம் விசாரித்திருக்க வேண்டும். கொட்டகை வாசலில் இருந்து பேச்சியம்மாள், "போதும் விடுங்க, அண்ணன் பாவம்" என்றாள்.

"நீ சும்மா இரு. தோத்தவன கேக்காம வேற யாரக் கேக்குறது?" என்றான்.

என் வாழ்நாளில் நான் வாங்கிய திட்டுகளில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் வாங்கியதில்லை. கடைசியில் பொறுமை இழந்த ஒரு வண்டிக்காரர், "யப்பா, மொதல்ல எம்மூட்டைய எடை போடு, பெறகு அவர வைவ" என்றார். சுருளி மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னான். என்னை வைதுகொண்டேதான் எடை போட்டான்.